எனக்கு நல்லாத்தானே வருது

எங்கள் வீட்டில் இருந்தது ஒரே ஒரு லேப்டாப். என் கணவர் உட்கார்ந்தால் அது பெட்டிப் பாம்பாக அடங்கி வேலை செய்யும். நான் உட்கார்ந்தால் கால் மணி நேரத்தில் வைஃபையை அறுத்துக்கொண்டு, திரையின் மேல் மூலையில் சாம்பல் நிறத்தில் ஒரு குறியைக் காட்டியபடி சும்மா இருக்கும். மாமியார் இல்லாத வீட்டில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாய் என்று என் தோழிகள் பொறாமைப்பட்டதுண்டு. அவர்களுக்கு இந்த லேப்டாப்பைப் பற்றித் தெரியாது.

இரண்டாயிரங்களின் கடைசி வருடங்கள் அவை. கிழக்குத் தாம்பரத்தில், சேலையூர் பக்கம், ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். தொலைபேசிக் கம்பி வழியாக பிராட்பேண்ட் வந்து ஹாலில் வாசல் கதவுக்குப் பக்கத்தில் மோடமாக உட்கார்ந்திருந்தது. நான் வேலை செய்ய அமைதியாக ஓர் இடம் வேண்டும் என்றால் அது பின்னறைதான். இரண்டுக்கும் நடுவே சமையலறையும் ஒரு சுவரும். இதில் ஒரு வயரை இழுத்துச் சொருகிவிட்டால் போயிற்று என்று யாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் அந்த லேப்டாப்பை ரிச்சி தெருவில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் பழையதாக வாங்கியிருந்தார் என் கணவர். வயர் சொருகும் ஓட்டை உடைந்திருந்ததால்தான் அது அவ்வளவு மலிவாகக் கிடைத்தது. "வைஃபை இருக்கும்போது வயர் எதுக்கு?" என்று அன்றைக்குச் சொன்னார். இந்த வாக்கியத்தைப் பிற்பாடு நான் பலமுறை அவருக்கு ஞாபகப்படுத்தியிருக்கிறேன்.

அவருக்கு மதம் என்று ஒன்று உண்டென்றால் அது லினக்ஸ். யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம், பக்கத்து வீட்டுக்காரருக்கு ஓசியில் கொடுக்கலாம் என்கிற மென்பொருள். திருட்டு சிடி என் வீட்டுப் படி ஏறாது என்பார். நல்ல கொள்கைதான், நான் ஒன்றும் மறுக்கவில்லை. அந்தக் கொள்கைக்கு வைஃபையைப் பிடித்து வைத்துக்கொள்ளத் தெரியவில்லை என்பதுதான் என் வருத்தம். லேப்டாப்புக்குள் வைஃபைக்கென்று ஒரு சில்லு இருக்கிறதாம். அந்தச் சில்லோடு பேசுகிற நிரலுக்கு டிரைவர் என்று பெயர். எங்கள் லேப்டாப்பில் இருந்த சில்லுக்கு லினக்ஸ் டிரைவரை யாரோ சில நல்ல மனிதர்கள் தங்கள் ஓய்வு நேரத்தில், சில்லைச் செய்தவர்களின் உதவி இல்லாமல், தட்டுத் தடுமாறி எழுதியிருந்தார்கள். அந்தத் தடுமாற்றம் முழுவதும் என் தலையில் விடிந்தது.

இன்னொரு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவில் வோல்டேஜுக்கு நிதானம் கிடையாது. ஒரே வாரத்தில் கீழ்வீட்டு டிவியையும் எங்கள் மிக்ஸியையும் அது காவு வாங்கியிருந்தது. அதனால் எங்கள் தெருவில் எல்லார் வீட்டிலும் ஒரு பழக்கம்: வேலை முடிந்ததும் சுவரில் இருக்கும் சுவிட்சை அணைத்துவிட வேண்டும். லேப்டாப் வந்த அன்று, புது பேட்டரி போட்டு, என் கணவர் எனக்கும் அதே பாடத்தைச் சொன்னார். "ஆரஞ்சு லைட் எரிஞ்சா சார்ஜ் ஏறுதுன்னு அர்த்தம். பச்சை வந்துட்டா ஃபுல். உடனே சுவிட்ச அணைச்சுடு. இல்லன்னா பேட்டரியும் போயிடும், வோல்டேஜ் வந்தா மொத்தமும் போயிடும்." நான் சொன்ன பேச்சு கேட்கிறவள். அணைத்துவிடுவேன்.

கல்யாணத்துக்கு முன்பும் பின்புமாக மூன்று வருடம் நான் கிண்டியில் ஓர் அலுவலகத்தில் மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் வேலை பார்த்தேன். அமெரிக்காவில் ஒரு டாக்டர் நோயாளியைப் பார்த்துவிட்டுத் தன் குறிப்பைப் பேசிப் பதிவு செய்வார். அதை இங்கே காதில் ஹெட்போனோடு கேட்டு எழுத்தாக அடித்துக் கொடுக்க வேண்டும். சாப்பிட்டுக்கொண்டே பேசுகிற டாக்டர், ஓடிக்கொண்டே பேசுகிற டாக்டர், மூக்கடைப்போடு பேசுகிற டாக்டர் எல்லாரையும் எனக்குத் தெரியும். நான் அந்த வேலையில் கெட்டிக்காரி. இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை. குழந்தை பிறந்ததும் வேலையை விட்டேன். இரண்டரை வருடம் கழித்து, வேறொரு நிறுவனம் வீட்டிலிருந்தே செய்கிறவர்களை எடுப்பதாகத் தெரிந்து விண்ணப்பித்தேன். ஞாயிறு நீங்கலாகப் பன்னிரண்டு நாள் சோதனை என்றார்கள்.

விதிகள் எளிமையானவை. அவர்களுடைய இணையப் பக்கத்தில் ஒரு கோப்பை எடுத்துக்கொண்டால் குறித்த நேரத்துக்குள் முடித்து அனுப்ப வேண்டும். அதுவரை பக்கம் திறந்தே இருக்க வேண்டும். இணைப்பு அறுந்து ஐந்து நிமிடம் ஆனால் கோப்பு வேறு ஒருவருக்குப் போய்விடும், உங்கள் பெயரில் ஒரு தவறல் ஏறிவிடும். பன்னிரண்டு நாளில் மூன்று தவறல் ஏறினால் வெளியே. நோயாளிகளின் விவரம் என்பதால் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து செய்யக் கூடாது. ஒருமுறை வெளியே போனவர்களை மறுபடி எடுப்பதும் இல்லை.

எனக்கு அந்த வேலை வேண்டும். வெறுமனே ஆசையாக இல்லை, தவிப்பாக வேண்டும். இரண்டரை வருடமாக நான் நன்றாகச் செய்வதாக யாராவது சொன்ன ஒரே விஷயம் ரசம்.

குழந்தையைக் காலை ஒன்பதரைக்கு அடுத்த தெருவில் இருந்த ப்ளே ஸ்கூலில் விட்டுவிட்டு, பன்னிரண்டரைக்குப் போய் அழைத்து வரவேண்டும். நடுவில் இருக்கும் மூன்று மணி நேரம் என்னுடையது. என் கணவர் எட்டு மணி ரயிலைப் பிடிக்கக் கிளம்புவதற்கு முன்னால், லேப்டாப்பைச் சார்ஜில் போட்டு, தன் மின்னஞ்சல்களைப் பார்த்துவிட்டுப் போவார். நான் குழந்தைக்கு ஷூ மாட்டிவிட்டு நிமிரும் நேரத்தில் பச்சை விளக்கு எரியும். சுவிட்சை அணைத்துவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு படி இறங்குவேன்.

முதல் நாள் இரண்டு முறை இணைப்பு அறுந்தது. சமாளித்தேன். இரண்டாம் நாள் மூன்று முறை. மாலை அவர் வந்ததும் சொன்னேன். சட்டையைக்கூட மாற்றாமல் லேப்டாப்பை ஹாலுக்கு எடுத்துப்போனார், சார்ஜரைச் சொருகினார், ஒரு மணி நேரம் உட்கார்ந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். வைஃபை குறி பளிச்சென்று நின்றது.

"எனக்கு நல்லாத்தானே வருது," என்றார்.

"ஹால்ல மோடம் பக்கத்துலயே இருக்கே. வராம?"

பின்னறைக்குக் கொண்டுபோய் அங்கேயும் சார்ஜரைச் சொருகி உட்கார்ந்தார். அங்கேயும் வந்தது. அடுத்த நாள் நான் உட்கார்ந்தபோது ஒன்பது ஐம்பத்திரண்டுக்கு அறுந்தது.

பீரோ கதவில் அவர் ஒரு தாளை ஒட்டியிருந்தார். இணைப்பு போனால் ஒரு கறுப்பு ஜன்னலைத் திறந்து இரண்டு கட்டளைகளை அடிக்க வேண்டும். முதல் கட்டளை டிரைவரை இறக்கும், இரண்டாவது மறுபடி ஏற்றும். ஒரு எழுத்து மாறினாலும் அது ஆங்கிலத்தில் என்னைத் திட்டும். சில சமயம் சரியாக அடித்தாலும் வராது, முழுசாக அணைத்து ஆரம்பிக்க வேண்டும். அதற்கே நான்கு நிமிடம். அந்தப் புதன்கிழமை நெஞ்சுவலி வந்த ஒரு வயதானவரின் ஈசிஜி பாதியில் நின்றது. இறக்கினேன், ஏற்றினேன், அணைத்தேன், ஆரம்பித்தேன். ஆறாவது நிமிடத்தில் பக்கம் திறந்தபோது கோப்பு போய்விட்டிருந்தது. முதல் தவறல்.

அன்று மாலை அவர் விளக்கம் சொன்னார். தெருவில் எல்லா வீட்டிலும் மோடம் வந்துவிட்டது, எல்லாம் ஒரே அலைவரிசையில் மோதிக்கொள்கின்றன, காலையில் நெரிசல் அதிகம். அலைவரிசையை மாற்றினார். அவருக்கு வந்தது. எனக்கு அறுந்தது. டிரைவரின் புதுப் பதிப்பை அலுவலகத்தில் இறக்கி பென் டிரைவில் கொண்டுவந்து ஏற்றினார். அவருக்கு வந்தது. எனக்கு அறுந்தது. விண்டோஸுக்கு எழுதிய டிரைவரை ஏமாற்றி லினக்ஸில் வேலை வாங்குகிற ஏதோ ஒரு மென்பொருளைப் போட்டார். அதில் யாருக்குமே வரவில்லை. எனக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி ஏற்பட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன். உடனே அதை எடுத்துவிட்டுப் பழையதையே போட்டார்.

"எப்ப எப்ப கட் ஆகுதுன்னு எழுதி வை," என்று நான் முதலில் முறையிட்ட அன்றே சொல்லியிருந்தார். "அந்த நேரத்துல என்ன நடந்துச்சுன்னும் எழுது. டேட்டா இருந்தாதான் கண்டுபிடிக்க முடியும்."

எங்கள் வீட்டில் தினசரி காலண்டர் தாளைக் கிழித்தவுடன் எறியும் பழக்கம் இல்லை. பின்பக்கம் வெற்றாக இருக்கும். மளிகைப் பட்டியல் எழுத உதவும். போன இரண்டு நாளையும் நினைவிலிருந்து சேர்த்து அந்தத் தாள்களில் எழுத ஆரம்பித்தேன். ஒரு நாளைக்கு ஒரு தாள். முன்பக்கம் நல்ல நேரம், ராகு காலம், என் ராசிக்கு ஒரு வார்த்தை. பின்பக்கம் வைஃபை போன நேரமும் காரணமும். வெறுத்துப்போன ஒரு நாள் இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுக்கூடப் பார்த்தேன். ராகு காலத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ஒன்று மட்டும் புரியாமல் இருந்தது. பதினொன்றே முக்காலுக்கு மேல் எப்போதும் நன்றாக வரும். பேட்டரி தீர்கிற நேரம் அது. சார்ஜரைப் போட்டு உட்கார்ந்து கடைசி முக்கால் மணி நேரம் சொகுசாக வேலை செய்வேன். வெயில் ஏறினால் அலைகள் நன்றாகப் பாயும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். சிரிக்காதீர்கள். படித்தவள்தான் நான்.

சனிக்கிழமை மதியம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷன் சுரங்கப் பாதையைத் தாண்டி மேற்குத் தாம்பரம் போனேன். முடிச்சூர் சாலையில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருந்த பாய் ஒருவரை என் கணவருக்குத் தெரியும். நல்ல மனிதர். லேப்டாப்பை வாங்கியதும் முதல் காரியமாக சார்ஜரைச் சொருகினார். தன் கடை வைஃபையில் இணைத்து, ஒரு ஹிந்திப் பாட்டு வீடியோவை ஓடவிட்டு, வேறு ஒரு டப்பாவின் முதுகைத் திறக்கப் போய்விட்டார். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னாக்கா, சோக்கா வருது. ஒரு தபா கூட கட் ஆவல. மெஷின்ல ஒண்ணும் இல்ல."

"எனக்கு மட்டும் ஆகுதே?"

"அப்ப வூட்ல இன்னாமோ கீது. சேலையூர்னு சொல்றீங்க, பக்கத்துலயே ஏர்ஃபோர்ஸ் கீது. அவங்க ப்ளேன் உட்டுகினே கீறாங்க. அது சிக்னலு இதுல பூந்துருக்கும்."

அவர் என்னிடம் காசு வாங்கவில்லை. ஆனால் என் மண்டைக்குள் ஒரு விமானத்தைப் பறக்கவிட்டு அனுப்பினார். அடுத்த திங்கட்கிழமை முதல் மேலே இரைச்சல் கேட்டாலே கண் திரையின் மேல் மூலைக்குப் போனது. பயிற்சி விமானங்கள் காலையெல்லாம் வட்டமடித்துக்கொண்டே இருக்கும். அதனால் இணைப்பு எப்போது போனாலும் ஏதாவது ஒரு விமானம் இருந்தது.

செவ்வாய்க்கிழமை இரண்டாவது தவறல். நிறுவனத்தின் ஒருங்கிணைப்பாளர் பெண்மணி போனில் அழைத்தார்.

"மேடம், உங்க அக்யூரசி ரொம்ப நல்லாருக்கு. அதனாலதான் நானே கூப்பிடறேன். இன்னொண்ணு மிஸ் ஆச்சுன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. உங்க சிஸ்டம் பிரச்சனைன்னா நாங்க அதைக் கணக்குல எடுத்துக்க மாட்டோம்."

"என் சிஸ்டம்தான் மேடம்," என்றேன். "ஆனா என் வீட்டுக்காரருக்கு மட்டும் நல்லா வருது. அத சிஸ்டம் பிரச்சனைன்னு எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல."

அன்று மாலை எங்களுக்குள் நடந்தது சண்டை என்று சொன்னால் என் கணவர் மறுப்பார். அவர் குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரமாக வந்தது.

"நீ காலையில உட்காந்ததுலேர்ந்து என்னென்ன பண்றேன்னு வரிசையா சொல்லு," என்றார்.

"வரேன். லேப்டாப்ப எடுக்கறேன். திறக்கறேன். ஹெட்போன் மாட்டறேன். டைப் பண்றேன். வேற என்ன பண்ணுவேன், ஓமம் வளர்ப்பேனா?"

"இல்ல, எனக்கு நல்லாத்தானே வருது. மெஷின் ஒண்ணு, ரூம் ஒண்ணு, டிரைவர் ஒண்ணு. மாறுறது ஆள் மட்டும்தான்."

"அப்ப ஒரு நாள் லீவு போட்டுப் பக்கத்துல உட்காந்து பாருங்களேன்."

"அதான் லாக் இருக்கே. லாக் பாத்தா போதும்."

லாக் என்பது லேப்டாப் தனக்குத் தானே எழுதி வைத்துக்கொள்ளும் நாட்குறிப்பு. ஒவ்வொரு மாலையும் அதை வரி வரியாகப் படிப்பார். எல்லா இடத்திலும் ஒரே வாசகம்: இணைப்பு துண்டிக்கப்பட்டது, காரணம் குறிப்பிடப்படவில்லை. அதையே அவர் அவ்வளவு மரியாதையோடு படித்தார். நான் சொன்னதும் அதே வாசகம்தான். என்னிடம் மட்டும் குறுக்கு விசாரணை.

மறுநாள் காலை லேப்டாப்பைத் திறந்தபோது, அவர் மூடாமல் விட்டுப்போன ஒரு பக்கம் கண்ணில் பட்டது. அவருடைய லினக்ஸ் நண்பர்களின் மின்னஞ்சல் குழுமத்துக்கு எழுதியிருந்தார். சில்லின் எண், டிரைவரின் பதிப்பு, மோடத்தின் மாதிரி எல்லாம் அக்கறையாக வரிசைப்படுத்தி, கடைசியில் ஒரு வரி: நான் உபயோகிக்கும்போது பிரச்சனை இல்லை, என் மனைவி உபயோகிக்கும்போது மட்டும் வருகிறது. அதற்கு யாரோ ஒருவர் பதில் போட்டிருந்தார். அப்படியானால் டிரைவரை விட்டுவிட்டு மனைவியை மாற்றிப் பாருங்கள் என்று. பக்கத்தில் ஒரு சிரிப்புக் குறி. என் கணவரும் பதிலுக்கு ஒரு சிரிப்புக் குறி போட்டிருந்தார்.

அந்தச் சிரிப்புக் குறியை இன்னொரு முறை பார்த்துவிட்டுப் பக்கத்தை மூடினேன். அழுகை வந்தது. அழுதால் கோப்பு போய்விடும் என்று அழவில்லை. மாலையில் அதைப் பற்றிக் கேட்கவும் இல்லை. வியாழன், வெள்ளி இரண்டு நாளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, சின்னச் சின்னக் கோப்புகளாக எடுத்து, அறுந்த ஒவ்வொரு முறையும் கட்டளைகளை மனப்பாடமாக அடித்து, தப்பித்தேன். பீரோ கதவுத் தாளைப் பார்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. குழந்தை அந்தக் கட்டளைகளை ராகம் போட்டுச் சொல்ல ஆரம்பித்திருந்தாள்.

பன்னிரண்டாம் நாள் சனிக்கிழமை. மாதத்தின் இரண்டாம் சனி என்பதால் அவருக்கு விடுமுறை. குழந்தையை அவரே கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். காலையில் எழுந்ததே தாமதம் என்பதால் லேப்டாப்பைச் சார்ஜில் போட்டதும் தாமதம். நான் ஒன்பது நாற்பதுக்கு உட்கார்ந்தபோது ஆரஞ்சு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சோதனையின் கடைசிக் கோப்பு நீளமானது, கட்டாயம் எடுத்தே ஆக வேண்டியது. ஒரு பெண்ணுக்குப் பித்தப்பையை எடுத்த அறுவை சிகிச்சையின் முழுக் குறிப்பு. முக்கால் மணி நேரத்தில் முடிக்க வேண்டும்.

அவர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் கூப்பிடவில்லை. என் முகத்தைப் பார்த்து அவராகவே வந்திருக்க வேண்டும்.

அரை மணி நேரம் ஓடியது. இணைப்பு அறுந்துபோகவில்லை. டாக்டர் மூக்கால் பேசுகிறவர், ஆனால் தெளிவானவர். நான் வேகம் பிடித்துவிட்டேன். ஒரு கட்டத்தில் பக்கத்தில் இருப்பவரையே மறந்துவிட்டேன். அவர் என் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் இப்படி வேலை செய்வதை அவர் அதுவரை பார்த்ததே கிடையாது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அப்போது பச்சை விளக்கு எரிந்திருக்கிறது. நான் பார்க்கவில்லை. அவர் பார்த்தார். எனக்குத் தொந்தரவு இல்லாமல், மெதுவாக, என் நாற்காலிக்குப் பின்னால் கையை நீட்டி, சுவரில் இருந்த சுவிட்சை அணைத்தார்.

டப்.

ஹெட்போனுக்குள்ளும் அந்தச் சத்தம் கேட்டது. திரை லேசாக மங்கியது. அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. டாக்டரின் குரல் ஒரு சொல்லின் நடுவில் நின்றது. மேல் மூலையில் சாம்பல் குறி.

அந்த டப் எனக்குத் தெரிந்த டப். தினமும் காலையில் குழந்தையைத் தூக்குவதற்கு முன் நான் போடுகிற டப்.

"போடுங்க!" என்று கத்தினேன்.

"என்னது?"

"சுவிட்ச போடுங்க! சுவிட்ச! சுவிட்ச!"

அவர் பயந்துபோய்ப் போட்டார். நான் கறுப்பு ஜன்னலைத் திறந்து இறக்கினேன், ஏற்றினேன். குறி ஒரு முறை சுற்றியது, இரண்டு முறை சுற்றியது, பளிச்சென்று வந்தது. மூன்று நிமிடம் போயிருந்தது. பக்கம் இன்னும் திறந்திருந்தது. பித்தப்பையை வெளியே எடுத்து, தையல் போட்டு, நோயாளியை வார்டுக்கு அனுப்பி, கோப்பை அனுப்பினேன். கெடு முடிய நான்கு நிமிடம் மிச்சம் இருந்தது. பெற்றுக்கொண்டோம் என்று பதில் வந்தது. நான் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, புதன்கிழமை அழாத அழுகையை அப்போது அழுதேன்.

பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, அவருக்கு உத்தரவு போட்டேன். "அணைங்க." அணைத்தார். ஆறு நிமிடத்தில் அறுந்தது. "போடுங்க." போட்டார். இருபது நிமிடம் அசையவில்லை. "அணைங்க." நான்கு நிமிடம். "போடுங்க." அவர் சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்று அணைத்தும் போட்டும் கொண்டிருந்த அந்த ஒரு மணி நேரத்தை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் குளிர்ச்சியாக இருக்கிறது.

"பவர் சேவிங்!" என்றார் திடீரென்று. முகமெல்லாம் வெளிச்சம். "பேட்டரில ஓடும்போது மிச்சம் பண்றேன்னு வைஃபை சில்ல தூங்க வைக்குது. தூங்கினத எழுப்பத் தெரியல இந்த டிரைவருக்கு! நான் எப்பவும் சார்ஜர்ல போட்டுத்தானே டெஸ்ட் பண்ணேன், அதான் எனக்கு கட் ஆகவே இல்ல!"

பாயும் சார்ஜரில் போட்டுத்தான் பார்த்தார். சோதிக்க உட்காருகிற எல்லாருக்கும் முதலில் கை போவது சார்ஜருக்குத்தான். அந்த லேப்டாப்பைப் பேட்டரியில் ஓட்டியவள் இந்த உலகத்திலேயே நான் ஒருத்திதான். அதுவும் அவர் சொன்னதற்காக.

ஒரே ஒரு வரி அடித்தார். அந்த மிச்சம் பிடிக்கும் வேலையை நிறுத்தச் சொல்லி ஒரு கட்டளை. அவ்வளவுதான். பன்னிரண்டு நாள், எத்தனையோ டிரைவர், ஒரு ஏர்ஃபோர்ஸ், எல்லாவற்றுக்கும் பதில் அந்த ஒரு வரி. சுவிட்சை அணைத்துவிட்டு அரை மணி நேரம் பார்த்தோம். கல்லு மாதிரி நின்றது.

"குழுமத்துல எழுதணும்," என்றார் பரபரப்பாக. "நிறைய பேருக்கு உபயோகமா இருக்கும். நீ எழுதி வச்சிருக்கியே, டைமிங், அத குடு."

கிளிப்பில் மாட்டியிருந்த காலண்டர் தாள்களைக் கொடுத்தேன். பதினொரு தாள். இத்தனை நாளில் அவர் அவற்றைக் கேட்கவே இல்லை. லாக் இருந்ததால் தேவைப்படவில்லை. மடியில் வைத்துக்கொண்டு முதல் தாளைத் திருப்பி, சத்தமாகப் படித்துக்கொண்டே அடிக்க ஆரம்பித்தார்.

"திங்கள். ஒன்பது அம்பது. காரணம், ஃபேனை அஞ்சுல வச்சேன். பத்து இருபது. காரணம், தண்ணி குடிக்க எழுந்து போனேன்." சிரித்தார். "புதன். காரணம், செல்ஃபோனைப் பக்கத்துல வச்சேன். வியாழன். காரணம், வேகமா டைப் பண்ணேன்." சிரிப்பு குறைந்தது. "வெள்ளி. காரணம், எண்ணெய் தேச்சுக் குளிச்சிட்டு ஈரத் தலையோட உட்காந்தேன்."

அதற்குமேல் சத்தமாகப் படிக்கவில்லை. ஒவ்வொரு தாளாகத் திருப்பிக்கொண்டு போனார். எனக்கு அதில் என்ன இருக்கிறது என்று தெரியும். விமானங்கள் இருக்கும். வளையல் போட்டிருந்தேன் என்று இருக்கும். இரண்டாவது தவறல் விழுந்த செவ்வாய்க்கிழமைத் தாளில் மூன்று நேரங்களை எழுதி, மூன்றுக்கும் சேர்த்துக் காரணம் என்ற இடத்தில் 'நான்' என்று எழுதியிருந்தேன். அதற்கு அடுத்த மூன்று தாள்களிலும் காரணமே எழுதவில்லை, மேற்படி என்று குறி மட்டும் போட்டிருந்தேன்.

பதினொரு தாளில் ஓரிடத்திலும் சுவிட்சை அணைத்தேன் என்று இல்லை. சொல்லிக் கொடுத்ததைச் சரியாகச் செய்ததை யார் தப்புக் கணக்கில் எழுதுவார்கள்?

"எதுக்கு எல்லாத்துக்கும் உன்னையே எழுதி வச்சிருக்க?" என்று கேட்டார். குரல் மாறியிருந்தது.

"பின்ன யாரை எழுதறது?" என்றேன். "உங்களுக்கு நல்லாத்தானே வந்துச்சு."

அவர் அடித்துக்கொண்டிருந்த கடிதத்தை நிறுத்தினார். தாள்களை ஓரம் தட்டி அடுக்கி, கிளிப்பை மாட்டி, என் கையில் கொடுத்தார். பிறகு கணினியை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"குழுமத்துக்கு நீயே எழுது," என்றார். "கண்டுபிடிச்சது நீதான்."

மணி பன்னிரண்டு இருபது ஆகிவிட்டது என்று சொல்லி, செருப்பை மாட்டிக்கொண்டு, குழந்தையை அழைத்துவரக் கிளம்பினார். படியில் இறங்கும் சத்தம் பாதியில் நின்றது, மறுபடி மேலே வந்தது. கதவைத் திறந்து, உள்ளே வராமல் நின்றபடி, "அந்தச் சிரிப்பு மெயில நீ பாத்தியா?" என்று கேட்டார்.

"பாத்தேன்," என்றேன்.